பால் பைத்தான் வளர்ப்பு: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பால் பைத்தான் என்கிற ஆப்பிரிக்க மலைப்பாம்புக்கும் குடிக்கிற பாலுக்கும் சம்பந்தமில்லை. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்துபோல் சுருண்டுவிடும் என்பதால் வந்த ஆங்கிலப் பெயர் அது. கிண்ணத்தில் பால் ஊற்றி வைக்க வேண்டாம். பாலைச் செரிக்கும் வசதி எந்தப் பாம்புக்கும் கிடையாது.

மேற்கு ஆப்பிரிக்கா, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் பகலைக் கழிக்கிற பாம்பு இது. வளர்ந்தால் மூன்று முதல் ஐந்தடி. நன்றாக வைத்துக்கொண்டால் இருபது, முப்பது வருடம் இருக்கும். புற்றுக்குள் சூடு பெரிதாக ஏறி இறங்காது, காற்றில் ஈரம் குறையாது, உடம்பின் இரு பக்கமும் சுவர் தொட்டுக்கொண்டே இருக்கும். வீட்டுத் தொட்டியில் இந்த மூன்றில் ஏதோ ஒன்று கெட்டுப்போனதன் விளைவுதான் கீழே வருகிற அறிகுறிகளில் பெரும்பாலானவை. அதனால்தான் மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன்னால் தெர்மோமீட்டரைத் தேடச் சொல்கிறோம்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் மலைப்பாம்பு 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. குட்டியாகக் கிடைத்தாலும் வீட்டில் வைத்துக்கொள்வது குற்றம், வனத்துறையிடம்தான் ஒப்படைக்க வேண்டும். பால் பைத்தான் வெளிநாட்டு இனம், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் வருவது. ஆகவே இந்தியாவில் வைத்திருப்பவர்கள் 2024ஆம் ஆண்டு வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். சிங்கப்பூரில் எந்தப் பாம்பையும் செல்லப்பிராணியாக வைக்க அனுமதியில்லை.

எதற்கும் முன்னால்: அளந்து பாருங்கள்

தொட்டியின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை அதைவிடக் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நகர்ந்துதான் சரிசெய்துகொள்கிறது. இருக்க வேண்டிய அளவுகள் இவை:

- சூடான முனையில் பாம்பு படுக்கிற தரை: 31 முதல் 33 டிகிரி செல்சியஸ்
- குளிர்ந்த முனை: 25 முதல் 27 டிகிரி
- இரவில் எந்த முனையும் 23 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது
- ஈரப்பதம்: 55 முதல் 65 சதவீதம், சட்டை உரிக்கும் நாட்களில் 70க்கு மேல்

கண்ணாடியில் ஒட்டுகிற வட்ட முள் மீட்டரை நம்ப வேண்டாம். அது கண்ணாடியின் பாதி உயரத்துக் காற்றை அளக்கிறது, பாம்போ தரையில் கிடக்கிறது. நாலைந்து டிகிரி தப்பாகக் காட்டுவதும் சாதாரணம். முனையில் ஒயரோடு கூடிய டிஜிட்டல் மீட்டர் இரண்டு வாங்கி, இரண்டு ஒளிவிடங்களுக்குள்ளும் (பாம்பு ஒளிந்துகொள்ளும் டப்பா அல்லது குகை) தரைமட்டத்தில் ஒவ்வொன்று வையுங்கள். தரைச் சூட்டைப் பார்க்கத் துப்பாக்கி வடிவ இன்ஃப்ராரெட் மீட்டர் போதும்.

அடுத்து தெர்மோஸ்டாட், அதாவது சூடு குறித்த அளவைத் தாண்டாமல் ஹீட்டரைக் கட்டுப்படுத்தும் கருவி. தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓடும் ஹீட் மேட் (தொட்டிக்கு அடியில் வைக்கும் மின்சார விரிப்பு) கண்ணாடியை 45, 50 டிகிரிக்கு மேல் கொண்டுபோய்விடும். தெர்மோஸ்டாட் வாங்கியவர்களும் அதன் புரோப்பை, அதாவது சூட்டை அளக்கும் ஒயர் முனையை, கவனிப்பதில்லை. மேட் தொட்டிக்கு அடியில் இருந்தால், புரோப் மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் டேப்பால் அசையாமல் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். உள்ளே தளர்வாக விட்டால் பாம்பு அதை ஒரே இரவில் இழுத்துப் போட்டுவிடும். அந்தப் புரோப் தண்ணீர்ச் சட்டியில் விழுந்தது என்று வையுங்கள். தண்ணீர் 26 டிகிரி. தெர்மோஸ்டாட் ‘இன்னும் சூடாகவில்லை’ என்று எடுத்துக்கொண்டு மேட்டை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருக்கும். திரையில் 26 என்றுதான் தெரியும், அடியில் கண்ணாடி கொதித்துக்கொண்டிருக்கும். திரையில் இருக்கிற எண்ணும் இன்ஃப்ராரெட் மீட்டர் காட்டுகிற எண்ணும் ஒத்துப்போகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

மேட்டின் மேல் ஐந்து சென்டிமீட்டர் தடிமனுக்குத் தென்னை நார்த்தூள் போட்டு வைப்பது இன்னொரு பொறி. மேல்பரப்பு குளிர்ந்திருக்கிறதே என்று செட்டிங்கைக் கூட்டுவோம். பாம்பு தோண்டிக்கொண்டு போய்க் கண்ணாடியில் வயிற்றை வைக்கும். மேட் வைத்தால் அதன் மேல் படுகை (தரையில் பரப்பும் நார்த்தூள்) ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஆழமான படுகைதான் வேண்டும் என்றால் சூட்டை மேலிருந்து கொடுங்கள். வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தரும் செராமிக் ஹீட்டருக்கு பல்ஸ் வகைத் தெர்மோஸ்டாட், வெளிச்சம் தரும் பல்புக்கு டிம்மிங் வகை, மேட்டுக்குச் சாதாரண ஆன்-ஆஃப் வகை. பல்பு எதுவானாலும் சுற்றிக் கம்பிக்கூடு கட்டாயம், பாம்பு அதில் போய்ச் சுற்றிக்கொள்ளும். ‘ஹீட் ராக்’ என்று விற்கிற சூடாகும் கல்லை வாங்கவே வேண்டாம்.

சாப்பிட மறுக்கிறது

பால் பைத்தான் வைத்திருப்பவர்களின் முதல் புலம்பல் இதுதான். இந்த இனத்துக்கே உண்ணாவிரதம் கைவந்த கலை. ஆகவே ‘எத்தனை நாள் சாப்பிடவில்லை’ என்பதைவிட ‘எத்தனை கிராம் குறைந்தது’ என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. சமையலறை டிஜிட்டல் தராசில் மூடியுள்ள டப்பாவை வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பாம்பை உள்ளே விட்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை எழுதி வையுங்கள். 1,500 கிராம் பாம்பு மூன்று மாதம் சாப்பிடாமல் 1,460இல் நின்றால் கவலையில்லை. அதே பாம்பு 1,350க்கு வந்தால், அதாவது பத்து சதவீதம் இழந்தால், மருத்துவரிடம் போக வேண்டும். குட்டிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. பிறந்து சில மாதமே ஆன, நூறு கிராம்கூட எட்டாத குட்டி ஒரு மாதம் சாப்பிடாவிட்டால் எடைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

புதிதாக வந்த பாம்பா? முதல் ஏழு முதல் பத்து நாள் கையில் எடுக்காதீர்கள், இரை காட்டாதீர்கள், தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தூக்கிக் காட்டப்படுகிற பாம்புதான் சாப்பிடாத பாம்பு.

கண் நீலம் பூத்து மங்கியிருக்கிறதா? சட்டை உரிக்கப் போகிறது. உரித்து முடியும்வரை பெரும்பாலும் தொடாது.

வளர்ந்த ஆண், நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள்ளா? இணை தேடும் பருவம். மாதக்கணக்கில் மறுக்கலாம். எடை நின்றால் சும்மா விடுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் ஒளிவிடத்தைப் பாருங்கள். பாம்பு சுருண்டு உட்கார்ந்தால் மூன்று பக்கமும் சுவர் உரச வேண்டும், வாசல் ஒன்றுதான் இருக்க வேண்டும். பெரிய மரக்குகை நமக்கு அழகாக இருக்கும், பாம்புக்கு அது வெட்டவெளி. கவிழ்த்த பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு வாசல் வெட்டி விளிம்பைத் தேய்த்துவிட்டால் போதும். அதே மாதிரி இரண்டு வேண்டும், சூடான முனைக்கு ஒன்று, குளிர்ந்த முனைக்கு ஒன்று. ஒன்றுதான் இருந்தால் பாம்பு பாதுகாப்புக்கும் வெப்பத்துக்கும் நடுவில் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அது எப்போதும் பாதுகாப்பைத்தான் தேர்ந்தெடுக்கும், குளிரில் கிடந்தாவது. வளர்ந்த பாம்புக்கு நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் உள்ள தொட்டி சரி. அதில் வெற்றிடம் விடாமல் செயற்கை இலை, மரக்கிளை, கார்க் பட்டை என்று நிரப்புங்கள். ‘பெரிய தொட்டி வைத்தால் சாப்பிடாது’ என்பார்கள். பெரிய காலித் தொட்டி வைத்தால் சாப்பிடாது என்பதுதான் சரி.

எல்லாம் சரியாக இருந்தும் இரையைத் தொடவில்லை என்றால், இரை கொடுக்கும் விதத்தை மாற்றுங்கள்:

1. உறைந்த எலியை முந்தைய இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம். உள்ளே வெந்து வெளியே பச்சையாக இருக்கும், வயிறும் வெடிக்கும்.
2. மறுநாள் மாலை ஜிப் கவரில் போட்டு, கை பொறுக்கிற சூட்டில், சுமார் 40 டிகிரித் தண்ணீரில் இருபது முதல் முப்பது நிமிடம் வையுங்கள்.
3. எலியைத் துடைத்துக் காயவைத்து, தலையை மட்டும் இன்னொரு நிமிடம் சூட்டில் காட்டுங்கள். இந்தப் பாம்பின் மேலுதட்டில் வெப்பம் உணரும் குழிகள் இருக்கின்றன. இருட்டில் அது குறிபார்ப்பது அந்தச் சூட்டைத்தான். உடம்பைவிடத் தலை சூடாக இருந்தால் தலைப்பக்கம் பிடிக்கும்.
4. விளக்கை அணைத்துவிட்டு, ஓரடி நீள இடுக்கியால் ஒளிவிட வாசலில் மெல்ல நகர்த்துங்கள். முகத்தில் இடிக்காதீர்கள்.
5. பின்வாங்கினால் எலியை ஒரு தட்டில் வாசலுக்கருகே வைத்துவிட்டுப் போய்விடுங்கள். காலையில் அப்படியே இருந்தால் தூக்கி எறியுங்கள். மறுபடி உறைய வைக்கக் கூடாது.

அடுத்த முயற்சி ஏழு முதல் பத்து நாள் கழித்துத்தான். தினமும் எலியை ஆட்டிக் காட்டுவதால் அதன் பயம்தான் கூடும். உயிருள்ள எலிதான் கிடைக்கிறது என்பவர்கள் அதைத் தொட்டியில் விட்டுவிட்டுத் தூங்கப் போகவே கூடாது. பசியில்லாத பாம்பு எலியைத் திரும்பிக் கடிக்காது. எலி ஒரே இரவில் பாம்பின் முதுகை எலும்பு தெரியக் கொறித்துவிடும்.

இரையின் அளவு: ஐந்நூறு கிராம் வரை பாம்பின் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம், வாரம் ஒன்று. வளர்ந்த பிறகு ஐந்து, ஆறு சதவீதம் போதும், இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒன்று. குண்டுப் பாம்பு உண்ணாவிரதம் இருந்தால் அது நோயல்ல, கணக்கு.

சட்டை துண்டு துண்டாக உரிகிறது

நலமான பாம்பு முகத்திலிருந்து வால்நுனி வரை காலுறை கழற்றுவதுபோல் ஒரே நீளமாக உரித்துப் போடும். முதலில் வயிறு இளஞ்சிவப்பாகும், பின் கண் நீலமாகும், பின் கண் தெளியும், அதற்குப் பிறகு சில நாளில் உரிக்கும். துண்டு துண்டாக வந்தால் காற்று காய்ந்திருக்கிறது என்று பொருள்.

கடற்கரை ஊர்க்காரர்கள் ‘எங்கள் ஊரில் எப்போதும் எழுபது சதவீதம் ஈரம், எங்களுக்கு இந்தப் பிரச்சினை எப்படி?’ என்பார்கள். ஏசி அறையில் கணக்கே வேறு. அறை 24 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்று வையுங்கள். அதே காற்றைத் தொட்டிக்குள் 31 டிகிரிக்குச் சூடாக்கினால், தண்ணீர் சேர்க்காதவரை, ஈரப்பதம் 33 சதவீதமாக இறங்கிவிடும். காற்றிலுள்ள நீர் குறையவில்லை. சூடான காற்று தாங்கக்கூடிய நீரின் அளவு கூடிவிட்டது, அவ்வளவுதான். லண்டனிலும் டொரண்டோவிலும் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடுகிற வீட்டில் இது இன்னும் மோசம்.

தீர்வு ஸ்ப்ரே பாட்டில் அல்ல. காலையில் அடித்த நீர் மதியத்துக்குள் பறந்துவிடும், மேல்பரப்பு மட்டும் நசநசவென்று இருக்கும். படுகையைத் தென்னை நார்த்தூளும் தேங்காய் மட்டைச் சில்லும் கலந்து ஏழெட்டு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போட்டு (மேலிருந்து சூடு வரும் தொட்டிக்குத்தான் இது), மூலைகளில் நேராக அடித்தட்டுக்கு அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். அடியில் ஈரம், மேலே காய்ந்த தரை, அதுதான் இலக்கு. வலைமூடி இருந்தால் முக்கால் பங்கை அலுமினியத் தாளால் மூடுங்கள், செராமிக் ஹீட்டர் இருக்கும் இடத்தை விட்டு. பொள்ளாச்சிப் பக்கத்து நார்த்தூள் செங்கல்லாக மலிவாகக் கிடைக்கிறது. ‘கழுவியது’, உப்பு நீக்கியது என்று இருப்பதை வாங்குங்கள். தேவதாரு, சீடர் சீவல் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம், அதன் வாசனை எண்ணெய் பாம்பின் நுரையீரலுக்கு ஆகாது.

ஏற்கெனவே ஒட்டிக்கொண்ட சட்டைக்கு: மூடியில் துளையிட்ட டப்பாவில் 29, 30 டிகிரித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துண்டுகளை நிரப்பி, பாம்பை அரைமணி நேரம் உள்ளே விடுங்கள். துண்டுகளுக்கிடையில் நுழைந்து நுழைந்து தானே உரசிக் கழற்றிவிடும். வால்நுனியை மறக்காமல் பாருங்கள். அங்கே வளையமாக நின்றுவிட்ட பழைய சட்டை ரப்பர் பேண்டுபோல் இறுக்கி, ரத்தம் போகாமல் நுனி கறுத்து உதிர்ந்துவிடும்.

கண்மேல் சட்டை நின்றிருந்தால் கண் சுருங்கிய பாலாடை போர்த்தியதுபோல் தெரியும். இடுக்கியால் பிடுங்காதீர்கள். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருப்பது கண்ணாடிபோன்ற ஒற்றைச் செதில்தான். பழையதோடு புதியதும் கிழிந்து வந்தால் கண்ணே போய்விடும். ஈரப்பதத்தைக் கூட்டி அடுத்த உரிப்புக்குக் காத்திருங்கள், பெரும்பாலும் அதோடு வந்துவிடும். இரண்டு முறை உரித்தும் போகாவிட்டால் மருத்துவர் எடுக்கட்டும்.

மூச்சில் சத்தம், வாயில் நுரை

மூக்கில் லேசான ‘கிளிக்’ சத்தம், சட்டை உரிக்கப் போகிற வாரத்தில் மட்டும் கேட்டால், மூக்குத் துளையில் தளர்ந்த தோல். உரித்ததும் நின்றுவிடும்.

வாயைத் திறந்து மூச்சு விடுவது, தலையை மேலே தூக்கியே வைத்திருப்பது, வாய் ஓரத்தில் கோழை நூல்விடுவது, மூக்கில் குமிழ் வருவது எல்லாம் சுவாசத் தொற்று. பாம்புக்கு உதரவிதானம் இல்லை. நம்மைப்போல் இருமிக் கோழையை வெளியேற்ற முடியாது. உள்ளேயே தேங்கும். அதனால்தான் வீட்டில் ‘நாலு நாள் பார்ப்போம்’ என்பது இங்கே செல்லாது.

குளிரும் ஈரமும் சேர்ந்தால்தான் இது அதிகம் வரும். ஈரம் 80 சதவீதம், இரவில் 21 டிகிரி, காற்றோட்டமில்லாத மூடி, இந்தச் சேர்க்கை மோசமானது. மருத்துவரைப் பார்க்கும்வரை சூடான முனையை 33 டிகிரியிலும், குளிர்ந்த முனையை 28 டிகிரியிலும் இரவு பகல் குறையாமல் வையுங்கள். வெப்பம் ஏறினால்தான் பாம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி வேலை செய்யும், மருந்தும் உடம்பில் ஏறும். வீட்டிலிருக்கிற அமாக்ஸிசிலினை உடைத்துக் கொடுக்காதீர்கள். எந்தக் கிருமி என்று சளியை வளர்த்துப் பார்த்து மருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். ஊசி போட்டால் உடலின் முன்பாதியில்தான் போடுவார்கள். பின்பாதி ரத்தம் சிறுநீரகம் வழியாகப் போவதால் மருந்து வீணாகலாம், சிறுநீரகத்தையும் கெடுக்கலாம்.

மருந்து முடிந்தும் திரும்பத் திரும்ப வந்தால் நைடோவைரஸ் சோதனை கேளுங்கள். பைத்தான்களின் சுவாச நோய்க்குப் பின்னால் இந்த வைரஸ் இருப்பது 2014இல்தான் வெளிவந்தது. வாயில் பஞ்சு தேய்த்துச் சோதிப்பார்கள். ஒன்றுக்கு மேல் பாம்பு வைத்திருந்தால், புதிதாக வருவதைத் தொண்ணூறு நாள் வேறு அறையில், வேறு இடுக்கி, வேறு தண்ணீர்ச் சட்டியோடு வைப்பது இதற்காகத்தான். புதியதைக் கடைசியாகத்தான் தொட வேண்டும்.

வயிற்றில் சிவப்புத் திட்டு, கொப்புளம்

இது சூடு பட்டதா, ஈரத்தில் அழுகியதா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு என்பதால் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். சூட்டுக் காயம் ஒரே பெரிய திட்டாக, பழுப்பு அல்லது வெளிறிய நிறத்தில், மேட் மேல் படுத்த இடத்தின் வடிவத்திலேயே இருக்கும். மேலே பல்பு இருந்தால் முதுகில் இருக்கும். செதில் அழுகல் வயிற்றுச் செதில்களின் ஓரங்களில் சிதறிய சிறு சிவப்புப் புள்ளிகளாகத் தொடங்கி, நீர்க்கொப்புளமாகி, பழுப்பாக உதிரும்.

சூடு சுட்டால் பாம்பு விலகிப் போகாதா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். போவதில்லை. வயிற்றுக்கடியில் தரை வேகிறது என்பதை உணர்ந்து நகர்வதற்குள் தோல் வெந்துவிடுகிறது. சூட்டுக் காயமென்றால் மேட்டை நிறுத்தி, நார்த்தூளை எல்லாம் எடுத்துவிட்டு வெள்ளை டிஷ்யூத் தாள் விரித்து, அன்றே மருத்துவரிடம் போங்கள். காயத்துக்கு சில்வர் சல்ஃபாடயாசின் களிம்பு கொடுப்பது வழக்கம். ஆறுவதற்கு நாலைந்து சட்டை உரிப்பு ஆகலாம்.

ஆரம்பநிலைச் செதில் அழுகலை வீட்டிலேயே நிறுத்த முடியும். டிஷ்யூத் தாள் விரிப்பு, தினமும் மாற்ற வேண்டும். போவிடோன் அயோடினை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து பாலில்லாத டீயின் நிறத்துக்குக் கொண்டுவந்து, பாம்பின் வயிறு மட்டும் நனையும் ஆழத்தில் பத்து நிமிடம், நாளுக்கு ஒருமுறை. பிறகு துடைத்துக் காயவைத்து விடுங்கள். ஒரு வாரத்தில் புதுப்புள்ளி வராமல் நிற்க வேண்டும். சீழ் இருந்தால், பரவினால் வீட்டு வைத்தியத்தை நிறுத்துங்கள்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். ஈரப்பதம் அறுபது வேண்டும் என்கிறீர்கள், ஈரத்தால் அழுகுகிறது என்கிறீர்கள். காற்றில் ஈரம் வேண்டும், வயிற்றுக்கடியில் ஈரம் கூடாது. படுகையை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். உருண்டையாக நின்று, சொட்டு விழாமல் இருந்தால் அடித்தட்டு சரியாக இருக்கிறது. சொட்டினால் அதிகம். மேல்தட்டு கையில் ஒட்டாமல் உதிர வேண்டும்.

தண்ணீர்ச் சட்டியிலேயே கிடக்கிறது

எப்போதாவது ஒருநாள் கிடந்தால் விடுங்கள். தினமும் கிடந்தால் மூன்று காரணம்: தொட்டி மிகச் சூடு, காற்று மிக வறட்சி, அல்லது சிற்றுண்ணி. அளவுகள் சரியாக இருந்தால் சட்டித் தண்ணீரின் அடியைப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் மூழ்கிக் கிடந்தால் உண்ணிதான். பாம்பின் தாடைக்கடி மடிப்பிலும் கண்ணைச் சுற்றிய செதில் இடுக்கிலும் நகரும் புள்ளிகள் தெரியும். வெள்ளைத் துண்டில் பாம்பை ஊர விட்டால் துண்டில் ஒட்டும்.

பாம்பின்மேல் இருப்பது கொஞ்சம்தான். முட்டை முழுதும் தொட்டியின் விரிசலிலும் மரக்கட்டையிலும் இருக்கிறது. ஆகவே பாம்பை மட்டும் குளிப்பாட்டினால் மூன்று வாரத்தில் மறுபடி வரும். மரச்சாமான்களை எறியுங்கள் அல்லது நான்கைந்து நாள் ஃபிரீசரில் வையுங்கள். படுகையை மூட்டையாகக் கட்டி வெளியே போடுங்கள். தொட்டியை வெந்நீரால் கழுவி, மூலைகளைத் துடைத்து, டிஷ்யூத் தாளோடு எளிமையாக வையுங்கள். மருந்தை மருத்துவர் சொல்லட்டும். எது கொடுத்தாலும் முட்டை பொரிக்கும் சுற்றைத் தாண்டி ஆறு வாரம் தொடருங்கள். உண்ணியை வேட்டையாடித் தின்னும் வேறு வகை உண்ணிகளும் விற்கின்றன. பூச்சிமருந்து அடித்த தொட்டியில் அவையும் செத்துவிடும், ஏதாவது ஒரு வழிதான்.

அந்துருண்டை, கற்பூரம், கொசுவத்திச் சுருள், வீட்டுப் பூச்சி ஸ்ப்ரே எதையும் தொட்டிப் பக்கம் கொண்டுவராதீர்கள். உண்ணிக்கு முன்னால் பாம்பு போய்விடும்.

விழுங்கியதைக் கக்கிவிட்டது

பாதி செரித்த எலி, தாங்க முடியாத நாற்றம். இரை பெரியது, விழுங்கிய 48 மணி நேரத்துக்குள் கையில் எடுத்தது, அல்லது தொட்டி குளிர்ந்துபோய்ச் செரிக்காமல் உள்ளேயே அழுகியது, இவற்றில் ஒன்று. வயிற்று அமிலம் தொண்டையைப் புண்ணாக்கியிருக்கும். ‘பாவம், பசிக்கும்’ என்று மறுநாளே இன்னொன்று கொடுப்பதுதான் பெரிய தப்பு, இரண்டாவதும் வெளியே வரும். குறைந்தது இரண்டு வாரம் தண்ணீர் மட்டும். பிறகு வழக்கமான அளவில் பாதி. அது தங்கினால் அடுத்ததுக்குப் பத்து நாள். இரண்டாம் முறையும் கக்கினால் கழிவு மாதிரியோடு மருத்துவரிடம் போங்கள். குடற்புழுவும் இதைச் செய்யும்.

தலை ஆடுகிறது, திருகிக்கொள்கிறது

வாங்கிய நாளிலிருந்தே ஆடுகிறது, பாம்பின் உடல் கோடு சிலந்தி வலைபோல் மெல்லியது என்றால் அது ‘ஸ்பைடர்’ வகை. அந்த நிறத்தைத் தரும் மரபணுவே உட்காதின் சமநிலையைக் கெடுக்கிறது. மருந்தில்லை. அழகுக்காக அதை இனப்பெருக்கம் செய்வதை நிறுத்துவதுதான் நேர்மையான வைத்தியம்.

நேற்றுவரை நன்றாக இருந்து இன்று திடீரென்று ஆடினால், மல்லாக்கப் போட்டால் திரும்பாவிட்டால், அது அவசரம். முதலில் சூட்டைப் பாருங்கள், அடுத்து அறையில் யாராவது பூச்சிமருந்து அடித்தார்களா என்று கேளுங்கள், உடனே மருத்துவரிடம் கிளம்புங்கள்.

இரவெல்லாம் அலைகிறது, மூக்கு தேய்ந்திருக்கிறது

இரவில் உலாவுவது இயல்பு. விடியும்வரை கண்ணாடியை முட்டுவது இயல்பல்ல. ஒளிவிடம் போதவில்லை அல்லது குளிர்ந்த முனை என்று ஒன்றே இல்லை. பக்கக் கண்ணாடி மூன்றையும் கறுப்புத் தாளால் மூடிப் பாருங்கள். பல வீடுகளில் அன்றிரவே நிற்கும்.

நம் ஊர்க் கோடையும், மலையூர்க் குளிரும்

வளர்ப்பு வழிகாட்டிகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்கு எழுதியவை. அவற்றில் ‘எப்படிச் சூடாக்குவது’ என்றுதான் இருக்கும். மே மாதச் சென்னையிலும் மதுரையிலும் கேள்வி தலைகீழ். மாடி அறை 36 டிகிரி என்றால் தொட்டியில் குளிர்ந்த முனையே கிடையாது. 35 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் கிடந்தால் ஆபத்து. ஹீட்டரை முழுக்க நிறுத்துங்கள். தொட்டியைத் தரைத்தளத்தில் மேற்கு வெயில் படாத அறைக்கு மாற்றுங்கள். பெரிய மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றித் தொட்டியின் வெளிப்பக்கம், ஒரு முனையில் மட்டும் வைக்கலாம். உள்ளே வைக்கக் கூடாது. வாய் திறந்து துவண்டு கிடந்தால் 27 டிகிரித் தண்ணீரில் வயிறளவு வையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

ஏசியில் தூங்குகிற அறை என்றால் இரவு 22 டிகிரிக்கு இறங்கும். அங்கே ஹீட்டர் இரவில்தான் அதிகம் ஓட வேண்டும். ஊட்டி, கோத்தகிரி வீடுகளுக்கும் இலங்கையில் நுவரெலியாவுக்கும் மேட் மட்டும் போதாது. மேட் தரையைச் சூடாக்குமே தவிரக் காற்றை அல்ல. மேலே செராமிக் ஹீட்டர் வேண்டும். மின்வெட்டு சில மணி நேரம் என்றால் கம்பளியால் தொட்டியைப் போர்த்தினால் தாங்கும். அன்று இரை மட்டும் கொடுக்காதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது

பாம்பைத் தலையணை உறையில் விட்டு வாயை முடிந்து, துளையிட்ட டப்பாவுக்குள் வையுங்கள். பைக் டேங்க் மேல் வெயிலில் வேண்டாம், கார் ஏசிக் காற்றுக்கு நேராகவும் வேண்டாம். புதுக் கழிவு இருந்தால் சிறு டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்து அன்றே கொண்டுபோங்கள். கடைசியாக உரித்த சட்டை, எடை எழுதிய நோட்டு, இரண்டு முனைகளின் தெர்மோமீட்டரையும் எடுத்த போட்டோ, இவை மூன்றும் கையில் இருக்கட்டும். பாம்பு பார்க்கிற மருத்துவர் முதலில் கேட்பதே ‘டெம்பரேச்சர் எவ்வளவு வைக்கிறீர்கள்?’ என்றுதான். ‘நார்மலாத்தான் சார் இருக்கும்’ என்ற பதிலை வைத்துக்கொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியாது. திரும்பி வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நலமான பாம்பின் உடம்பிலும் சால்மோனெல்லா இருக்கும்.